மந்தை வந்த வழியில் சச்சி அண்ணை

சச்சிதானந்தன் அண்ணைக்கு எதற்கெடுத்தாலும் வெட்கம் வரும். பஸ்ஸில் நம்முடைய ஆட்கள் யாராவது போனில் உரக்கக் கதைத்தால், தனக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லை என்பது போலச் சன்னலுக்கு வெளியே பார்ப்பார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மீன்குழம்பு வாசம் வந்துவிடும் என்று வேலையிடத்தில் பாணும் சீஸும்தான் சாப்பிடுவார். அவருக்கு வேலை, லண்டன் குரோய்டனில் உறைந்த மீனும் கோழியும் மொத்தமாக விற்கும் களஞ்சியத்தின் குளிரறையில். அந்தக் குளிரில் எந்த வாசம் யாருடைய மூக்குக்கு எட்டப்போகிறது என்று ஒருநாள் கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நான் அருள்மலர். சட்டனில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. கடைத்தெருவில் உடுப்புத் திருத்தித் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அன்று அந்தப் புல்வெளியில் நானும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சச்சி அண்ணை யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். பிறகு சுவிஸுக்குப் போய் பேர்ன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பல வருடம் கோப்பை கழுவினார். ஒரு லீவு நாளில் மழைக்கு ஒதுங்க ஒரு மியூசியத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே சுவர் நிறைய ஒரு பெரிய ஓவியம். மலைச்சரிவில் கற்களுக்குப் பின்னால் ஆதிமனிதர்கள் பதுங்கியிருக்கிறார்கள். எதிரே காட்டெருமை மந்தை ஒன்று இறங்கி வருகிறது. மழை விட்ட பிறகும் அவர் வெளியே வரவில்லையாம். அன்றிலிருந்து அதுவே அவருடைய பைத்தியம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று எல்லோரையும் போல அவர்களும் லண்டனுக்குக் குடிவந்தபோது, அவருடைய பெட்டிகளில் பாதி அந்தப் புத்தகங்கள்தான்.

எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தாலும் அதே பேச்சு. ஆதிமனிதன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு மந்தைக்கு முன்னால் பாய்ந்தான் என்று நாங்கள் நினைப்பது சுத்தப் பிழை என்பார். காட்டெருமைக்கு மனிதனைவிட வேகமும் அதிகம், பலமும் அதிகம். நேரே போய் நின்றால் அவ்வளவுதான். அதனால் அவர்கள் மந்தையைப் பல நாள் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எந்தப் பசு முன்னால் நடக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு தப்ப முடியாத ஒரு இடத்தைத் தேர்வார்கள். ஒரு செங்குத்துச் சரிவோ, சேற்று நிலமோ, பள்ளத்தாக்கின் ஒடுக்கமோ. அங்கே போகும் வழியின் இரண்டு பக்கமும் கற்குவியலும் கொப்புகளும் வைத்து, அவற்றுக்குப் பின்னால் ஆண், பெண் எல்லோரும் ஒளிந்திருப்பார்கள். மேலே அகன்று, கீழே வர வர ஒடுங்கும் வழி அது. மந்தையை விரட்டக் கூடாது, மெல்ல நகர்த்த வேண்டும். கடைசி வளைவில்தான் எல்லோரும் எழும்பிக் கூச்சல் போட்டு மிருகத் தோலை வீசி ஆட்டுவார்கள். ஈட்டிக்கு வேலை வருவது அதற்குப் பிறகுதான்.

"மாடு சாய்ச்சுக்கொண்டு போறதுக்கு இவ்வளவு படிப்போ?" என்று நகுலேசக்கா கேட்பார்.

"இது விளையாட்டில்லை நகுலேஸ். வரிசையில ஒருத்தன் விலகினாப் போதும். மந்தை அந்த ஓட்டையைப் பிடிச்சிடும். அத்தனை பேரின்ரை சாப்பாடும் அதுக்குள்ளாலை போயிடும்."

நகுலேஸ்வரி அக்கா அவருடைய மனைவி. பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு வசனம் ஆங்கிலம் தெரியாமல் அங்கே நுழைந்தவர், இரண்டு வருடத்துக்குள் அந்தச் சமையலறையையே சிரிக்க வைக்கும் அளவுக்குக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அது பிள்ளைகளிடமும் பாத்திரம் கழுவும் வெள்ளைக்காரப் பெண்களிடமும் பிடித்த ஆங்கிலம். சொல்லின் வாலைக் கடித்து விழுங்கும். தபால்காரனையும் டொக்டரையும் 'லவ்' என்று கூப்பிடும். சச்சி அண்ணையுடையது புத்தகத்து ஆங்கிலம். ஒவ்வொரு வசனத்துக்கும் இஸ்திரி போட்டிருப்பார். மனைவி கடையில் வாய் திறந்தால் அவர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

சட்டனில் தொல்லியல் ஆர்வலர் வட்டம் என்று ஒன்று இருந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நூலகத்து மேல்மாடியில் கூடுவார்கள். எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குள் இவர் ஒருத்தர். தலைவி ஹில்டா என்று ஒரு முன்னாள் பல் வைத்தியர். அந்த மனுஷி முதல் நாளே அவருடைய பெயரை எழுதி வாங்கி, வீட்டில் சொல்லிப் பழகி, அடுத்த மாதம் 'மிஸ்டர் சச்சிதானந்தன்' என்று முழுசாகக் கூப்பிட்டாராம். குளிரறையில் அவரை எல்லோரும் 'சாம்' என்பார்கள். அன்று வீடு திரும்பியவரின் கால் தரையில் நிற்கவில்லை.

2006 கோடை முடியும் நேரம் ஹில்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்குத் தெரிந்த பண்ணைக்காரர் ஒருவருக்கு நகரத்துக்குத் தெற்கே சுண்ணாம்பு மேட்டில் புல்வெளி இருந்தது. அதில் நீளக் கொம்பு மாடுகள் நின்றன. செப்டெம்பரில் அவற்றை மேலிருந்து கீழே பட்டிக்கு இறக்க வேண்டும். வழக்கமாக நாய்களை விட்டு இறக்குவார்கள். அதை இந்தமுறை ஆதிமனிதர் செய்த மாதிரி, மனித வரிசையும் தடியில் கட்டிய துணியும் மட்டும் வைத்துச் செய்து பார்த்தால் என்ன? பண்ணைக்காரரும் சம்மதித்தார். ஆள்தான் காணாது.

"மிஸ்டர் சச்சிதானந்தன், உங்கள் சமூகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்களே. கொஞ்சப் பேரைக் கூட்டி வரமுடியுமா?" என்று ஹில்டா கேட்டிருக்கிறார். "இது நல்லபடி முடிந்தால் ஆண்டுவிழாவில் நீங்கள்தான் இதைப் பற்றி உரை நிகழ்த்த வேண்டும்."

அந்த உரைக்காக அவர் எதையும் செய்திருப்பார். வெளிநாட்டுக்கு வந்த பிறகு நாலு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்ததே இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, எங்களை நினைத்து அன்றிரவே கவலைப்படத் தொடங்கினார்.

பட்மின்டன் விளையாடும் ஆட்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தாய்மார், வான் ஓட்டுவதற்குப் பஸ்தியாம்பிள்ளை அண்ணை என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலில் வைத்து எங்களுக்கு உத்தரவு போட்டார்.

"ஒருத்தரும் பிந்தக் கூடாது. சிவப்பு, மஞ்சள் உடுப்பு வேண்டாம். அங்கை நிண்டு சத்தமாக் கதைக்க வேண்டாம். முக்கியமா, சாப்பாட்டுப் பார்சல் ஒண்டும் கொண்டு வராதேங்கோ. அவையள் சான்ட்விச் தருவினம்."

"அண்ணை, நாங்கள் மாடு சாய்க்கப் போறமோ, செத்த வீட்டுக்குப் போறமோ?" என்று கேட்டேன்.

அவர் முறைத்தார். நகுலேசக்கா ஏற்கெனவே ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கி, வானின் பின்சீட்டுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார். வெளிக்கிட்டால் சாப்பாடு கட்டாமல் எங்கள் ஆட்கள் எங்கே போயிருக்கிறார்கள்?

மேட்டுக்குப் போய் இறங்கினோம். காற்று நல்லாக அடித்தது. ஹில்டா கை நீட்டிக்கொண்டு வந்து எல்லோரையும் வரவேற்றார். நகுலேசக்காவின் முன்னால் வந்ததும் குனிந்து, செவிடருக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக, "வந்ததற்கு... மிக்க... நன்றி" என்று சொல்லி, நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். இவர் ஏன் இப்படிக் கதைக்கிறார் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சச்சி அண்ணை குறுக்கே வந்துவிட்டார்.

"மன்னிக்க வேண்டும் ஹில்டா. நான் முன்பே சொன்னேன் அல்லவா, என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது."

முன்பே சொன்னாராம். இத்தனை மாதமாக மனைவியை ஏன் கூட்டங்களுக்குக் கூட்டிப் போகவில்லை என்ற காரணம் எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. அக்கா திறந்த வாயை மூடினார். முகம் சிவந்து, பிறகு கறுத்தது. ஹில்டாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குத்தான் நாக்கு நுனியில் வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"விடு மலர். அவரின்ரை நாள் இது," என்றார்.

ஹில்டா ஒலிபெருக்கியில் விதிகளைச் சொன்னார். இடத்தை விட்டு ஒருவரும் அசையக் கூடாது. விசில் கேட்டதும் துணியை ஆட்ட வேண்டும், ஓடக் கூடாது. மேட்டில் இருந்து பட்டி வாசல் வரை இரண்டு வரிசையாக எங்களை நிறுத்தினார்கள். கடைசி வளைவு, பட்டி வாசலுக்குச் சற்று மேலே. அங்கே இடப் பக்கம் ஒரு பெரிய முட்பற்றை. ஆதிமனிதர்கள் தங்களுக்குள் நெஞ்சுரம் மிக்கவனைத்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று சச்சி அண்ணை எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டு, தானே போய்ப் பற்றைக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருக்கு அடுத்தபடி கீழே நகுலேசக்கா. எதிர் வரிசையில், அவர்களுக்கு நேரே நான்.

மாடுகள் மேட்டு விளிம்பில் தெரிந்தன. படத்தில் பார்ப்பது வேறு, அவை உங்களை நோக்கி வருவது வேறு. செம்மண் நிற உடம்பும் இரண்டு பக்கமும் விரிந்த கொம்பும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: சச்சி அண்ணை சொன்னது எல்லாம் அப்படியே நடந்தது. ஒருத்தரும் விரட்டவில்லை. மேலே நின்றவர்கள் மெல்ல இரண்டடி வைத்தார்கள்; மந்தை இறங்கியது. வரிசையில் ஆள் நிற்பதைக் கண்டால் மாடு தானாகவே நடுவுக்குத் திரும்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இந்த மனிதர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று அவர்மேல் முதல்தடவையாக மரியாதை வந்தது.

முன்னால் ஒரு கிழட்டுப் பசு வந்தது. வளைவுக்கு வந்ததும் நின்று, தலையைத் தூக்கி, பற்றைப் பக்கம் பார்த்தது. விசில் ஊதினார்கள். நாங்கள் துணியை ஆட்டினோம். சச்சி அண்ணையும் எழுந்தார். பசு அவரைப் பார்த்து மூச்சுவிட்டது. அவ்வளவுதான். கொம்பைக்கூட ஆட்டவில்லை.

அவர் தடியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அப்படி ஓடியதை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. முள்ளுக்கம்பி வேலியில் ஏறி, கால்சட்டை கிழிய, அந்தப் பக்கம் விழுந்தார். அவர் நின்ற இடம் வெறுமையானது. பசு அந்த ஓட்டைக்குள் திரும்பியது. மந்தை முழுக்க அதன் பின்னால் பாய்ந்தது. நகுலேசக்கா தடியோடு அப்படியே நின்றார். மாடுகள் அவரை உரசாத குறையாகப் போயின. கால் உறைந்துபோய் நின்றேன் என்று பிறகு சொன்னார். வேலி சாய்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோவாப் பயிரை மிதித்துத் துவைத்துக்கொண்டு மாடுகள் நாலாபக்கமும் சிதறின. பண்ணைக்காரர் நாய்களை அவிழ்க்கப் போனார்.

பற்றை மறைத்ததால் வேறு ஒருத்தரும் அவர் ஓடியதைக் காணவில்லை. கண்டது நானும் நகுலேசக்காவும்தான்.

ஹில்டா மூச்சு வாங்க இறங்கி வந்தார். அதற்குள் சச்சி அண்ணை வேலியைச் சுற்றி வந்து, கிழிந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன நடந்தது? வரிசை எங்கே உடைந்தது?" என்று ஹில்டா கேட்டார்.

சச்சி அண்ணை எங்கள் பக்கம் பார்த்தார். ஹில்டாவைப் பார்த்தார். அந்த இஸ்திரி போட்ட ஆங்கிலத்தில் சொன்னார்:

"தவறு எங்கள் பக்கம்தான். உங்கள் அறிவுறுத்தல் என் மனைவிக்குப் புரியவில்லை. விசில் கேட்டதும் பயந்து இடத்தை விட்டு விலகிவிட்டார். அவரைக் கூட்டி வந்திருக்கக் கூடாது. வெட்கப்படுகிறேன்."

அக்கா கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். சேலைக் கரையெல்லாம் சேறு. ஒரு சொல் விடாமல் அவருக்கு விளங்கியது. எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது. சொல்லு அக்கா, ஒரு வசனம் சொல்லு என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஹில்டா பாவப்பட்டு அக்காவின் தோளைத் தட்டினார். அக்கா தலையைக் குனிந்து, "சொரி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் புதைந்துவிட வேண்டும் போல் இருந்தது. அவருக்காகவா, அக்காவுக்காகவா, வாயை மூடிக்கொண்டு நின்ற எனக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

திரும்பும் வழியில் வானை நிறுத்தினோம். ரோல்ஸ் பெட்டியைப் பஸ்தியாம்பிள்ளை அண்ணைதான் திறந்தார். சச்சி அண்ணை வேண்டாம் என்றார்.

பிறகு வந்த கிழமைகளில் மனுஷன் பாதியாகிவிட்டார். வேலைக்குப் போவார், வருவார். புத்தகங்களைத் தொடவில்லை. நகுலேசக்கா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வழக்கம்போலச் சமைத்தார், துவைத்தார். ஒன்று மட்டும் மாறியது. புருஷனோடு வெளியே போனால் அக்கா ஆங்கிலம் கதைப்பதில்லை. கடையில் சாமானைக் கையால் காட்டுவார். தபால்காரன் 'எப்படி இருக்கிறாய் லவ்' என்று கேட்டால், அவர் பக்கத்தில் நிற்கும்போது, சிரிக்க மட்டும் செய்வார். தபால்காரன் குழம்பிப்போய்விட்டான்.

ஐப்பசியில் சச்சி அண்ணை என் கடைக்கு வந்தார். கொண்டு வந்த கால்சட்டையை மேசையில் வைத்தார். அன்று கிழிந்தது.

"தைக்கலாமோ மலர்?"

"தைக்கலாம். ஆனா தையல் தெரியும்," என்றேன்.

நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஹில்டா என்னைத்தான் பேசச் சொல்லி நிக்கிறா. பிழைச்ச பரிசோதனையிலதான் படிக்க நிறைய இருக்காம். எனக்கு வெக்கமாக் கிடக்கு. நித்திரை வருகுதில்லை. நான் அங்கை எல்லாருக்கும் முன்னால உண்மையைச் சொல்லப் போறன். நகுலேசையும் கூட்டிக்கொண்டு போறன். நீரும் வாரும்."

அவரைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த சொல் எல்லாம் அப்போது வரவில்லை. வாறன் அண்ணை என்றேன்.

ஆண்டுவிழா நூலகத்து மேல்மாடியில் நடந்தது. காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார். பின்வரிசையில் இரண்டு பேரும் இருந்தோம். சச்சி அண்ணை பேசத் தொடங்கினார். கற்குவியல், காற்று, முன்னால் வரும் பசு எல்லாம் சொன்னார். நன்றாகவே பேசினார், சனம் அசையாமல் கேட்டது. முடிவுக்கு வந்ததும் கையில் இருந்த தாளை மடித்து வைத்தார்.

"ஒரு விடயம் சொல்ல வேண்டும். அன்று வரிசையை உடைத்தது என் மனைவி அல்ல. நான். பசு என்னைப் பார்த்தது, நான் பயந்து ஓடினேன். என் மனைவி கடைசி வரை தன் இடத்தில் நின்றார். நான் உங்களிடம் பொய் சொன்னேன்."

பிறகு ஹில்டா புன்னகையோடு எழும்பினார்.

"மிஸ்டர் சச்சிதானந்தன், உங்கள் பெருந்தன்மை எங்களுக்குத் தெரியும். மனைவியின் தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், பாருங்கள்." எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். சச்சி அண்ணை, இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். ஆட்ட ஆட்ட இன்னும் சிரித்தார்கள். ஹில்டா எங்கள் பக்கம் திரும்பி, மறுபடியும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "அவர்... சொல்வது... உண்மையா?"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நகுலேசக்கா சச்சி அண்ணையைப் பார்த்தார். நேராக, வெகுநேரம். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்தது போல் இருந்தது. மேடையில் நின்றவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஹில்டாவிடம் திரும்பிச் சிரித்து, இரண்டு கையையும் விரித்து, "நோ இங்கிலிஷ்" என்றார்.

கைதட்டல் எழுந்தது. நான் எழும்பப் பார்த்தேன்; அக்கா தொடையில் கிள்ளி இருத்தினார். மேடையில் சச்சி அண்ணை, கைதட்டுகிற அத்தனை பேருக்கும் முன்னால், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

காரில் ஏறியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் நகுலேஸ் அப்பிடிச் சொன்னனீர்? நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டனே. நீர் ஒரு சொல்லு ஓமெண்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

அக்கா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்.

"ஓடினதைச் சொன்னியள். நான் நிண்டதைச் சொன்னியள். எனக்கு இங்கிலிஷ் தெரியுமெண்டு சொல்லேல்லையே. அந்த மனுஷி கேக்கேக்குள்ளையும் பாத்துக்கொண்டு இருந்தனான், இப்பவாவது சொல்லுவியளெண்டு. மாட்டுக்குப் பயந்து ஓடினதைவிட என்ரை இங்கிலிஷ்தானே உங்களுக்கு வெக்கம்."